இடது பக்க இருக்கை

பிப்ரவரி 9

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் அப்பாவும் நல்லபடியாக வந்து சேர்ந்தோம். உங்கள் முதுகுவலி தேவலையா? அம்மாவும் தம்பிப் பாப்பாவும் எப்படி இருக்கிறார்கள்? பாப்பாவுக்குத் தலை நின்றுவிட்டதா?

இந்தக் கடிதம் எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். வேறு எங்கே விளக்குப் போட்டாலும் அப்பா விழித்துக்கொள்வார். நீங்கள் பயப்படாமல் பதில் எழுதலாம். கீழே தபால்பெட்டியைத் திறப்பதும் நான்தான், வருகிற கடிதங்களை அப்பாவுக்குப் படித்துக் காட்டுவதும் நான்தான். "கண்ணாடிய எங்கயோ வச்சிட்டேன் பாப்பா, நீயே படி" என்பார். கண்ணாடி அவர் சட்டைப் பையிலேயே இருக்கும்.

கார் ஒரு கீறல் இல்லாமல் கப்பலிலிருந்து இறங்கியது. நீங்கள் வாங்கிக் கொடுத்த, வண்டிக்குப் பாஸ்போர்ட் மாதிரி இருக்கிற கார்னெட் புத்தகத்திலிருந்து சுங்க அதிகாரி ஒரு தாளைக் கிழித்துக்கொண்டார். ஆறு மாதத்துக்குத்தான் அனுமதியாம். ஜூலை முப்பத்தொன்றுக்குள் வண்டி இந்த நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும், புத்தகத்தில் பெயர் உள்ளவரைத் தவிர வேறு யாரும் ஓட்டக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார்.

வீடு மூன்றாவது மாடி. அப்பாவின் தொழிற்சாலை இருபத்திரண்டு கிலோமீட்டர், பஸ் கிடையாது. அதன் வாசலுக்கு நேர் எதிரே என் பள்ளிக்கூடம். காலையில் ஒன்றாகப் போகிறோம். அப்பா வேலை முடிக்கும்வரை நான் பள்ளி நூலகத்தில் இருப்பேன். மாலையில் ஒன்றாகத் திரும்புகிறோம்.

இங்கே எல்லா வண்டியும் சாலையின் வலது பக்கம் போகின்றன. நம் ஸ்டீயரிங்கும் வலது பக்கம். அதனால் முன்னால் லாரி போனால் எதிரே என்ன வருகிறது என்று அப்பாவுக்குத் தெரியாது. இடது பக்கத்தில் இருக்கிற எனக்குத்தான் தெரியும். நான் எட்டிப் பார்த்து "போலாம் ரைட்!" என்று கத்துவேன். அப்பா லாரியைத் தாண்டுவார். முதல் வாரம் முழுக்கச் சிரித்துக்கொண்டே போனோம்.

வியாழக்கிழமை ஒரு சிக்னலில் நின்றோம். முன்னால் ஒரு வண்டிகூட இல்லை. அப்பா, "என்ன கலர்?" என்றார். நான் விளையாட்டுக்கு, "ஊதா" என்றேன். அப்பா சிரிக்கவில்லை. "வெளையாடாத. என்ன கலர்?" என்றார்.

மாமா, அப்பாவுக்குக் கண் நன்றாகத் தெரியுமா? ஆமாம் அல்லது இல்லை. ஒரே வார்த்தை போதும்.

அன்புடன்,
நண்டு

*

பிப்ரவரி 27

கண்டக்டரம்மாவுக்கு மாமாவின் ஆசிகள்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். என் முதுகு, இறக்கிவைக்க ஆளில்லாத சரக்கு மாதிரி என்னோடேயே கிடக்கிறது. பாப்பாவுக்குத் தலை நின்றுவிட்டது, இப்போது யார் தலைமுடி கிடைத்தாலும் பிடித்து இழுக்கிறான். எனக்கு இழுக்க முடி இல்லாததால் மூக்கைப் பிடித்துக்கொள்கிறான்.

கார்னெட் புத்தகத்தைப் பத்திரமாக வைத்துக்கொள். வண்டி உள்ளே வந்ததற்கு ஒரு தாள், வெளியே போனதற்கு ஒரு தாள். இரண்டாவது தாள் கிழியாவிட்டால், ஜாமீன் நின்ற உன் மாமாவைக் கிழித்துவிடுவார்கள். துறைமுகத்தில் பதினேழு வருடமாக மற்றவர்கள் வண்டியை ஏற்றி இறக்குகிறேன். சொந்தக்காரர்கள் வண்டிக்குத்தான் பயம் அதிகம்.

அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். பன்னிரண்டு வருடமாக வண்டி ஓட்டுகிற மனிதர். புது இடம், புது ரோடு, எல்லாம் தலைகீழ். யாராக இருந்தாலும் கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும். நீ மட்டும் இடது பக்க இருக்கையை விட்டு நகராதே. தூங்கிவிடாதே. நன்றாகப் பார்த்துச் சொல்.

அம்மாவுக்கு இதையெல்லாம் எழுத வேண்டாம். பால் கொடுக்கிறவள், மனசு கெட்டுப் போகும்.

உன் மாமா

*

மார்ச் 14

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உங்கள் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா?

நீங்கள் நான்கு பத்தி எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்ட ஒரு வார்த்தை அதில் இல்லை.

அதனால் நானே பார்த்தேன். அப்பாவின் வலது பக்கத்தில் தம்ளரை வைத்தால் கையால் தடவித்தான் எடுக்கிறார். இடது பக்கத்தில் வைத்தால் நேராக எடுக்கிறார். சாப்பாட்டு நாற்காலியை வேண்டுமென்றே அரை அடி வலது பக்கம் நகர்த்திப் போட்டேன். நேராகப் போய் முட்டிக்கொண்டார். "யாருடா இங்க போட்டது?" என்று கத்திவிட்டு, என்னைப் பார்த்ததும் சிரித்தார். நான் போட்டேன் என்று சொல்லவில்லை. முழங்காலில் ரத்தம் கட்டியிருந்தது.

வேலையில் யாருக்கும் தெரியவில்லை. அப்பாவுக்கு பாய்லர் சத்தத்தைக் கேட்டாலே எங்கே கோளாறு என்று புரிந்துவிடும். மீட்டரில் முள் எங்கே நிற்கிறது என்று உதவியாளரைப் படிக்கச் சொல்கிறார். அவர்கள் அதை அதிகாரத் தோரணை என்று நினைக்கிறார்கள்.

சென்ற செவ்வாய் மாலை திரும்பும்போது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி மேல் இடித்துவிட்டோம். வலது பக்கக் கண்ணாடி உடைந்தது. நான் ராத்திரியே காரைக் கழுவிவிட்டேன். வேறு ஒன்றும் இல்லை.

அப்பா இப்போது என்னிடம் நிறையக் கேட்கிறார். பலகையில் என்ன எழுதியிருக்கு, முன்னாடி நிக்குதா நகருதா, பாலம் வந்திடுச்சா. நான் வாயை மூடவே முடியாது. பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது தொண்டை காய்ந்துவிடுகிறது. முதல் பாடவேளையில் ஆசிரியை கேள்வி கேட்டால் பேச்சே வருவதில்லை.

இந்த முறை அந்த ஒரு வார்த்தையை எழுதுங்கள்.

நண்டு

*

ஏப்ரல் 3

அன்புள்ள மாமாவுக்கு,

அங்கே எல்லோரும் நலம்தானே? உங்கள் பதில் வரும்வரை காத்திருக்க நேரமில்லை. அதனால் மறுபடி நானே எழுதுகிறேன்.

நேற்று அப்பா சொல்லச் சொல்ல உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். தொழிற்சாலை அதிகாரிகளின் தபால் பையில் அது போகிறது. நான்கு நாளில் உங்களுக்குக் கிடைத்துவிடும். இது கிடைக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும்.

அந்தக் கடிதத்தில் கையெழுத்துதான் என்னுடையது, வார்த்தைகள் அப்பாவுடையவை. அடுத்த வருடம் வரை வேலையில் இருக்கச் சொல்கிறார்கள், வண்டியின் அனுமதியை நீட்டிக்க ஜாமீன்தாரர் சம்மதக் கடிதம் வேண்டும், கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்று இருக்கும். போடாதீர்கள் மாமா. தயவுசெய்து போடாதீர்கள். நீங்கள் மறுத்துவிட்டால் வண்டி திரும்ப வந்தாக வேண்டும். சொந்த வண்டி இருந்தால்தான் அப்பாவுக்கு இந்த வேலை. வண்டி வந்தால் நாங்களும் வந்துவிடுவோம்.

போன கடிதத்தில் ஒரு பொய் எழுதினேன். அது அட்டைப்பெட்டி இல்லை.

தெரு பெருக்குகிற ஒருவர், தள்ளுவண்டியோடு ஓரமாக நின்றிருந்தார். நான் இடது பக்கம் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது பக்கம் அப்பாவின் பக்கம், அதை நான் பார்க்கவேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். டமால் என்று சத்தம். அப்பா, "என்னது? என்னது?" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். தள்ளுவண்டி சாய்ந்து கிடந்தது. அவர் தரையில் உட்கார்ந்து ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அட்டைப்பெட்டிப்பா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அப்பா, "நல்லவேளை" என்றார். வண்டி போய்க்கொண்டே இருந்தது.

நண்டு

*

ஏப்ரல் 10

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம், நலமே வேண்டுகிறேன். நீங்கள் கேட்டபடி சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். வரும் ஜனவரி முடிய நீட்டிப்பார்கள். ஜூலை முப்பத்தொன்றுக்கு முன் சுங்க அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தங்கையும் பையனும் நலம். கண்டக்டருக்கு என் அன்பு.

தங்கள் மைத்துனன்

*

ஏப்ரல் 24

மாமாவுக்கு,

போட்டுவிட்டீர்கள்.

உறையை நான்தான் பிரித்தேன். அப்பா ஷூவைக் கழற்றிக்கொண்டே, "என்ன எழுதியிருக்கார் உங்க மாமா? படி" என்றார். கடிதத்தின் பின்னால் சம்மதத் தாள் இருப்பது விரலில் தெரிந்தது. நான் படித்தேன். நலம், நலமே வேண்டுகிறேன் வரைக்கும் நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதற்குப் பிறகு நானாகச் சொன்னேன். இந்தமுறை ஜாமீன் நிற்க இயலவில்லை, மன்னிக்கவும், வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று. என் குரல் நடுங்கவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அப்பா ஒரு காலில் ஷூவோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். "இவ்வளவுதானா?" என்றார். "இவ்வளவுதான்ப்பா" என்றேன். சம்மதத் தாளைச் சமையலறை அலமாரியில் விரித்திருக்கிற செய்தித்தாளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அதன்மேல் சர்க்கரை டப்பா.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "வண்டி இல்லாம இங்க வேலை இல்ல. அப்போ வண்டியோட நாமளும் கெளம்ப வேண்டியதுதான். ஜூன் பாதியில ஒரு கப்பல் இருக்கு. துறைமுகம் முன்னூத்தி எண்பது கிலோமீட்டர். விடிகாலைல எடுத்தா சாயங்காலம் போய்ச் சேர்ந்துடலாம். நீ பக்கத்துல இருந்தா எனக்கென்ன?"

தாளைக் கொடுத்தால் இன்னும் ஒன்பது மாதம், தினமும் நாற்பத்துநான்கு கிலோமீட்டர். கொடுக்காவிட்டால் ஒரே நாளில் முன்னூற்று எண்பது. எதைச் செய்தாலும் ஓட்டப்போவது அப்பாதான்.

அந்தத் தெரு பெருக்குகிறவரைத் தினமும் பார்க்கிறேன். ஒரு கையால்தான் பெருக்குகிறார். நம் கார் வரும்போது அவர் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நான் லாரியைப் பார்த்துக்கொள்கிறேன்.

என் கடிதம் கிடைத்ததா இல்லையா மாமா? அதையாவது சொல்லுங்கள்.

நண்டு

*

மே 14

என் செல்லத்துக்கு,

நலம் விசாரிக்கிற யோக்கியதை இந்தக் கடிதத்துக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன், ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா?

உன் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. முதல் கடிதமும் கிடைத்தது, அட்டைப்பெட்டிக் கடிதமும் கிடைத்தது. ஏப்ரல் மூன்றாம் தேதிக் கடிதம் இருபதாம் தேதியே வந்துவிட்டது. அதற்குள் சம்மதக் கடிதத்தை அனுப்பிவிட்டிருந்தேன். அதுவும் பொய்யான சமாதானம்தான். உன் கடிதம் முன்பே வந்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

நீ கேட்ட ஒரு வார்த்தை: இல்லை. உன் அப்பாவுக்குக் கண் நன்றாகத் தெரியாது. போன வருடம் மழைக்காலத்திலிருந்தே வலது கண் மங்கிக்கொண்டு வந்தது. என்னிடம் மட்டும் சொன்னார். வெளிநாட்டில் ஓட்டுகிற லைசென்ஸுக்குக் கண் சான்றிதழ் வேண்டும். பரிசோதனைக்குப் போனால் கிடைக்காது. என் அலுவலகத்துக்கு எதிரே ஒரு டாக்டர் இருக்கிறார், துறைமுக ஆட்களுக்குக் காய்ச்சல் சான்றிதழ் கொடுப்பவர். அவர் மேஜைமேல் படிவத்தை வைத்தேன். உன் அப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். நல்ல வேலை, நல்ல வாய்ப்பு, கைநழுவக் கூடாது என்று.

இப்போது நான் ஜாமீன் மறுத்தால் கார்னெட் கொடுத்தவர்கள் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் அந்தச் சான்றிதழ் வெளியே வரும். என் ஏஜென்ட் உரிமம் போகும். பதினேழு வருடம். அதை நினைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதாமல் விட்டால் நீயே ஒருநாள் கண்டுபிடிப்பாய். உன் அப்பா தனியாகப் போவதாகத்தான் இருந்தார். "இடது பக்கம் ஒரு ஆள் உட்காரணும் மாப்பிள்ளை. நண்டைக் கூட்டிட்டுப் போங்க, அவ கண்ணு கழுகுக் கண்ணு" என்று சொன்னது நான்.

நானே வந்து வண்டியை எடுத்துவரலாம் என்றால் புத்தகத்தில் என் பெயர் இல்லை. தொழிற்சாலை போனில் கூப்பிட்டால் எடுப்பது உன் அப்பா. கொஞ்ச நாள் பொறுத்துக்கொள். யோசிக்கிறேன்.

மாமா

*

ஜூன் 2

மாமாவுக்கு,

"அங்க பெரிய ஸ்கூல் பாப்பா, லேப் எல்லாம் இருக்கு. உன்னை நல்லா படிக்க வைக்கணும்னுதான் கூட்டிட்டுப் போறேன்" என்று அப்பா சொன்னபோது நீங்கள் பக்கத்தில் நின்று தலையாட்டினீர்கள். நான் எல்லாப் பிள்ளைகளிடமும் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். இந்தப் பள்ளிக்கூடத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று இப்போது தெரிகிறது. தொழிற்சாலை வாசலுக்கு எதிரே இருப்பதால்.

போன தேர்வில் கணக்கில் முப்பத்தொன்று வாங்கினேன். அப்பாவுக்கு எழுபத்தொன்று என்று படித்துக் காட்டினேன். இதுவும் இப்போது பழகிவிட்டது.

ஜூன் பதினாறு, ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறோம். அப்பா தினமும் சாப்பிட்டு முடித்ததும் வரைபடத்தை மேஜையில் விரிக்கச் சொல்கிறார். நான் படிக்கிறேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடம் செய்கிறார். "பெட்ரோல் பங்க் தாண்டி ஒரு வளைவு, அப்புறம் பாலம், பாலம் முடிஞ்சதும் மூணு சிக்னல்." ஒன்றுகூடத் தப்பில்லாமல் சொல்கிறார். சாலையில் நடந்துபோகிற ஆட்கள் வரைபடத்தில் இல்லை.

நீங்கள் யோசித்துக்கொண்டிருங்கள். உங்கள் முதுகைப் பற்றி நான் இனி கேட்கப் போவதில்லை.

*

ஜூன் 11

செல்லம்,

உன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நேற்று உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் கடிதங்களையும் கையில் கொடுத்தேன்.

அவள் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, வரிசையாக எல்லாவற்றையும் படித்தாள். படித்துவிட்டு, "பிப்ரவரிலயே கேட்டிருக்கா. நீ எத்தன தடவ இந்த வீட்டுல வந்து சாப்பிட்டுப் போயிருப்ப அண்ணா?" என்றாள். குழந்தை என் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

இருவரும் தபால் நிலையத்தில் மூன்று மணி நேரம் டிரங்க் காலுக்குக் காத்திருந்தோம். லைன் கிடைக்கவில்லை. அதனால் இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். உன் அம்மா எழுதச் சொன்னது: "அவர் வண்டிய எடுக்கக் கூடாது. நான் சொன்னேன்னு சொல்லு. நீ பயப்படாம சொல்லு. உன் மேல யாருக்கும் கோவம் இல்ல."

நாளைக் காலை சான்றிதழ் விஷயத்தை லைசென்ஸ் அலுவலகத்தில் நானே எழுதிக் கொடுக்கப் போகிறேன். உரிமம் போனால் போகட்டும்.

மாமா

*

ஜூன் 23

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் அப்பாவும் துறைமுகத்தில் ஒரு விடுதியில் இருக்கிறோம். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் பாப்பாவும் நன்றாக இருக்கிறீர்களா? பகலில், ஜன்னல் ஓரத்தில், மேஜையில் வைத்து எழுதுகிறேன். அப்பா பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். உனக்குத்தான் எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியும்.

மாமாவின் விரைவுத் தபால் பத்தொன்பதாம் தேதிதான் வந்தது. நாங்கள் கிளம்புவதாக இருந்தது பதினாறாம் தேதி. அதனால் நீ சொன்னது எனக்குத் தெரியாமல்தான் எல்லாம் நடந்தது.

அன்று விடிகாலையில் பெட்டிகளைக் காரில் ஏற்றினோம். அப்பா ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து எஞ்சினைப் போட்டார். நான் பின்கதவைத் திறந்து, பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டேன்.

"என்ன அங்க ஏறிட்ட? முன்னாடி வா" என்றார்.

"வரமாட்டேன்ப்பா."

"தூக்கம் வருதா? கொஞ்ச தூரம் போய்த் தூங்கலாம். ஊரைத் தாண்டற வரைக்கும் முன்னாடி வா."

"நான் முன்னாடி உட்கார்ந்தா நீங்க ஓட்டுவீங்க."

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன் அம்மா. அப்பா கியரைப் போட்டார். வண்டி ஒரு அடி நகர்ந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு அடி நகர்ந்தது. அப்பா, "முன்னாடி யாராவது நிக்கிறாங்களா?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. "பாப்பா, யாராவது நிக்கிறாங்களா?" என்று மறுபடி கேட்டார். குரல் வேறு மாதிரி இருந்தது. பிறகு பிரேக்கை மிதித்து, எஞ்சினை அணைத்துவிட்டார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சர்க்கரை டப்பாவுக்கு அடியிலிருந்து எடுத்து என் பையில் வைத்திருந்த தாளையும் கொடுத்தேன். மாமா மறுக்கவில்லை, நான்தான் மாற்றிப் படித்தேன் என்றேன். கணக்கில் முப்பத்தொன்று என்றேன். கடைசியில் அட்டைப்பெட்டியைச் சொன்னேன். அதைச் சொல்லும்போதுதான் அழுகை வந்தது.

திட்டுவார் என்று நினைத்தேன். அடித்தாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். அப்பா, "எந்த இடம்?" என்றார்.

மூன்று கிலோமீட்டர் நடந்தே போனோம். அப்பா என் தோளில் கை வைத்துக்கொண்டு வந்தார். அந்தத் தெரு பெருக்குகிறவர் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்தார். எங்களை மாதிரியே வேலைக்காக வந்தவர், நம் மொழிதான் பேசினார்.

அப்பா, "மார்ச் மாசம் உங்க தள்ளுவண்டில ஒரு கார் இடிச்சுதே, அது நான்தான்" என்றார்.

"தெரியும். நீல வண்டி, வெளிநாட்டு நம்பர்" என்றார் அவர். "தினம் காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா போவீங்க. அந்த வண்டிய தூரத்துல பார்த்தாலே துடைப்பத்தைப் போட்டுட்டு நடைபாதை மேல ஏறி நின்னுக்குவேன்."

"போலீஸ்ல சொல்லலையா?"

"சொல்லி? எனக்கும் அவங்களுக்கும் பேச்சு புரியாது. நாலு நாள் அங்கயே உட்கார வச்சிருப்பாங்க."

"இனிமே ஏறி நிக்க வேணாம்" என்றார் அப்பா. "நான் ஓட்டறத விட்டுட்டேன்."

அவர் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். "எப்போ விட்டீங்க?"

"ஒரு மணி நேரம் ஆச்சு."

அவர் சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. கையைக் காட்டச் சொல்லித் தொட்டுப் பார்த்தார். மணிக்கட்டு எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்தது. மறுநாள் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். உடைத்துத்தான் மறுபடி சேர்க்க வேண்டும், ஆனாலும் முழுசாகத் திரும்பாது என்றார்கள். பக்கத்துக் கட்டடத்தில் கண் டாக்டர். அப்பாவின் வலது கண் போய்விட்டதாம். இடது கண்ணில் பாதி. மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். போன வருடமே வந்திருந்தால் என்று ஆரம்பித்து, நான் நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அப்பாவே தொழிற்சாலை மேலாளரிடம் போய்ச் சொன்னார். ஒப்பந்தம் முடிந்தது. மணிக்கட்டு சேரும்வரை அந்த மருத்துவச் செலவு அப்பாவின் கடைசி மாதச் சம்பளத்திலிருந்து போகும். காரைத் தொழிற்சாலை லாரியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். நாங்கள் லாரி ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முன்னூற்று எண்பது கிலோமீட்டரும் வந்தோம். நான் ஒரு சிக்னலைக்கூடப் பார்க்கவில்லை. ரொம்ப தூரம் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது அப்பா, "பாப்பா, கண்ணு தெரியாதுன்னு இங்க எப்படிச் சொல்வாங்க?" என்று கேட்டார். பள்ளியில் கற்றுக்கொண்ட இந்த நாட்டு மொழியில் சொல்லிக் கொடுத்தேன். நான்கு வார்த்தை. இரண்டாவது வார்த்தை அவர் வாயில் நுழையவே இல்லை. லாரி ஓட்டுநர் சிரித்துக்கொண்டே திருத்தினார். துறைமுகம் வரும்வரை அப்பா மெதுவாக அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

நேற்றுச் சுங்க அலுவலகத்தில் பெரிய வரிசை. எங்கள் முறை வந்தபோது அதிகாரி வெளியே போவதற்கான தாளைப் புத்தகத்தில் திருப்பி, பேனாவை நீட்டி, கையெழுத்துப் போடச் சொன்னார். தாளில் நிறையக் கோடுகள். எது என்று காட்ட நான் விரலை நீட்டினேன். அப்பா என் கையை மெல்ல விலக்கினார். அதிகாரி இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி அந்த நான்கு வார்த்தையைச் சொன்னார். இரண்டாவது வார்த்தை அப்போதும் தப்பாகத்தான் வந்தது. ஆனால் அதிகாரிக்குப் புரிந்தது. அவர் எழுந்து இந்தப் பக்கம் வந்து, அப்பாவின் கையைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்தார்.

கப்பல் வெள்ளிக்கிழமை.

உன் மகள்